உடுப்பு மாற்றும் நண்டுகளும் ஒரு சட்டி கறியும்

கடலுயிர்களைப் பாதுகாக்கும் தொண்டு அமைப்பொன்றில் பல வருடம் வேலை செய்தவன் நான். எனக்கு நீந்தத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் நெஞ்சைப் பிடிக்க வேண்டாம். கடலுக்கும் எனக்கும் முழங்கால் வரைதான் பழக்கம். படகில் ஏற்றினால், கரை கண்ணை விட்டு மறைய முன்னரே காலைச் சாப்பாட்டை மீன்களுக்குக் கொடுத்துவிடுவேன். மெல்பேர்ண் குடாவில் வாழும் உயிர்களுக்கு நான் நேரடியாகச் செய்த சேவை என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் நீங்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன். உங்களில் ஒருத்தி, சிட்னி குவேக்கர்ஸ் ஹில்லில் வளர்ந்து இங்கே கடல் விஞ்ஞானம் படிக்க வந்தவள், "அங்கிள், உங்கட எக்ஸ்பீரியன்ஸக் கொஞ்சம் எழுதுங்கோவன், ஆனா சோர்ட்டா" என்றாள். 'சோர்ட்டா' மட்டும் என் காதில் விழவில்லை. வயது போனால் வசதியான இடங்களில் காது கேட்காமல் போகும்.

நான் விண்ணப்பம் போட்டது கணக்கு எழுதும் வேலைக்கு. நேர்முகத்தில் எதிரே இருந்தவர் அமைப்பின் தலைவி. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து, பிறகு கடலுக்கடியில் நீந்தும் சுழியோடியானவர். பெயரைப் போட்டால் கோபிப்பார், ஆகவே தலைவி என்றே எழுதுகிறேன். அவர் என் கணக்குப் படிப்பைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. "முன்பின் தெரியாத ஆளோடு எவ்வளவு நேரம் பேசிக்கொண்டு நிற்பீர்கள்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தி, "போதும் போதும். வேலை உங்களுக்குத்தான்" என்றார்.

"கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதே?"

"அதற்கு எங்களிடம் ஆளிருக்கிறது, மேட். நீங்கள் கரையில் நில்லுங்கள். கடலுக்கு வரும் தொல்லையெல்லாம் கரை வழியாகத்தான் நடந்து வருகிறது."

அப்படி நின்ற முதல் மாதமே ஒரு சோதனை. ஒரு கடல்நாய், சீல் என்பார்களே, மணலில் ஏறிப் படுத்து நல்ல நித்திரை. சனம் கிட்டப் போகாமல் பார்க்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நான் என் மூளையைப் பாவித்தேன். வந்தவர்களிடமெல்லாம் "கவனம், பொல்லாதது, போன கிழமை ஒரு ஆளைக் கடித்துவிட்டது" என்று அவிழ்த்துவிட்டேன். சனம் பயந்து விலகும் என்பது என் கணிப்பு. சனமோ வீட்டுக்கு ஃபோன் எடுத்து, ஆளைக் கடிக்கிற சீல் நிற்கிறது, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஓடி வாங்கோ என்று சொல்லிவிட்டது. பின்னேரம் தேர்த்திருவிழாக் கூட்டம். கடல்நாய் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, மெல்லத் தண்ணீருக்குள் போய்விட்டது. அந்தப் பார்வையைப் பிறகு என் மனுசியின் முகத்திலும் பல தடவை கண்டிருக்கிறேன்.

அன்றைக்கே நான் பாடம் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்ல இந்த நண்டுக் கதை கிடைத்தது.

குளிர்காலம் தொடங்கும்போது சிலந்தி நண்டுகள் ஆழத்திலிருந்து குடாவின் ஓரத்துக்கு வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்றின் மேல் ஒன்றாக, கோயில் வாசலில் செருப்புக் குவிந்த மாதிரிக் குவிந்து கிடக்கும். வருவது ஓடு கழற்ற. பழைய ஓட்டைக் கழற்றினால் உள்ளே இருக்கும் உடம்பு பஞ்சு மாதிரி. புது ஓடு இறுகும்வரை யாரும் பிய்த்துத் தின்னலாம். அதனால்தான் கூட்டமாகக் கிடக்கின்றன. அந்தக் கூட்டம் கூடும் இடம் கடலுக்குள் நீளும் ஒரு மரப்பாலத்துக்கு நேர் கீழே. பாலத்தின் மேல் வளைய வலையும் வாளியுமாக எங்கள் சனம். எங்கள் சனம் என்றால் தமிழர் மட்டும் இல்லை. கம்போடியர், கிரேக்கர், வியட்நாமியர், எல்லாரும்தான். குளிருக்கு உடுத்துக்கொண்டு வரும் அழகில் எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரித்தான் இருப்பார்கள்.

அந்த வருடம் ஓர் அளவுக்குள் பிடிப்பது சட்டப்படி சரி. (விதிகள் மாறிக்கொண்டிருக்கும். பாலத்துக்குப் போக முன்னர் புது விதியைப் பார்த்துவிட்டுப் போங்கோ. உங்களை விடப் பாலத்தில் நிற்கிறவனுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும், வெட்கமாகப் போய்விடும்.) சட்டம் சரி என்றாலும், நண்டுக் கூட்டத்தைப் பார்க்க வரும் சுழியோடிகளுக்கு வயிறு எரிந்தது. ஓடு கழற்றும் நேரத்தில் வலை போட்டால், பிடிபட்டதை விட நசிந்து பிய்ந்து போவதுதான் அதிகம். இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ ஒருவர் ஒரு படத்தை எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார். நிறைந்த வாளியைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதன். கீழே சனம் எழுதிய கருத்துகளில் நண்டைப் பற்றி இரண்டோ மூன்றோதான். மிச்சமெல்லாம் அந்த மனிதனின் நிறத்தைப் பற்றியும், அவன் எந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவேண்டும் என்பதைப் பற்றியும்.

தலைவி அலுவலகத்தில் அந்தப் படத்தைக் காட்டி, "இவரைத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். மனுசியின் தம்பி, ரஞ்சன்."

ரஞ்சனைப் பற்றி நான் சொன்னேன். டண்டினொங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. லீவு நாளில் மீனும் கணவாயும் நண்டும் பிடிப்பான். பிடித்ததில் முக்கால்வாசியை நோபல் பார்க்கில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மீதியைத்தான் தன் வீட்டுக்குக் கொண்டுபோவான். அவன் கார் தெருவில் திரும்பினாலே சனம் சட்டியைக் கழுவத் தொடங்கும்.

"சுழியோடிகள் தொலைக்காட்சியைக் கூப்பிடச் சொல்கிறார்கள்" என்றார் தலைவி. "நானும் கூப்பிட்டிருப்பேன். ஆனால் கமரா வந்தால் நண்டைக் காட்டாது. இந்த முகத்தைத்தான் காட்டும். நீண்ட வார இறுதி வருகிறது, பாலம் நிறையப் போகிறது. வேறு வழி வைத்திருக்கிறீர்களா?"

"வைத்திருக்கிறேன்" என்றேன். இல்லை. ஆனால் படியிறங்கிக் காருக்குப் போவதற்குள் ஒன்று வந்துவிட்டது. வேகமாக வரும் யோசனைகளைப் பற்றி உங்களை எச்சரிக்க விரும்புகிறேன்.

என் யோசனை இதுதான். சிலந்தி நண்டில் தின்ன ஒன்றுமில்லை. கால் குச்சி மாதிரி. ஓடு கழற்றும் பருவத்தில் இறைச்சி தண்ணீர். ஆகவே பாலத்தின் கரைப்பக்கத்தில் எங்கள் அமைப்பு போடும் கூடாரத்தில் நாலைந்து நண்டை அவித்து, வருகிறவர்களுக்கு ருசி பார்க்கக் கொடுப்பது. ஒரு வாய் வைத்தால் தானாகவே வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். திட்ட வேண்டாம், பொலிஸ் வேண்டாம், கமரா வேண்டாம். நாக்கே சாட்சி.

சனிக்கிழமை காலை அடுப்பை மூட்டினேன். உப்பும் தண்ணீரும் மட்டும். சொன்னால் நம்பமாட்டீர்கள், அருமையாக வேலை செய்தது. வாய் வைத்தவன் முகமெல்லாம் கோணியது. தமிழ்நாட்டிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த ஒரு தம்பி மென்று பார்த்துவிட்டு, "சார், இது நண்டா, நனைஞ்ச பேப்பரா?" என்று கேட்டார். கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. ஒரு கம்போடியப் பெரியவர் மிச்சத்தைக் கடற்காகத்துக்குப் போட்டார். கடற்காகமும் அதைத் தூக்கி, திருப்பிப் போட்டது.

அந்த நேரம் பார்த்துப் பாலத்தின் அந்தத் தொங்கலில், மறு முனையில், ஒரு சுழியோடிக்கும் ஒரு கிரேக்கருக்கும் வாய்த்தர்க்கம். சமாதானம் பேசப் போனேன். போகும்போது எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டு என் மனுசி வருவதைக் கண்டேன். கை காட்டிவிட்டுப் போனேன். கை காட்டாமல் கையோடு கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

சமாதானத்துக்கு மத்தியானம் முழுவதும் போனது. கிரேக்கர் தன் கதை முழுவதையும் சொன்னார். நானும் என் கதை முழுவதையும் சொன்னேன். சுழியோடி களைத்துப்போய்க் கீழே இருந்துவிட்டார். திரும்பி வரும்போது காற்றில் ஒரு வாசம். வறுத்த தூள், உள்ளிப்பூண்டு, தேங்காய்ப்பால், முருங்கையிலை. நடையைக் கூட்டினேன். கூடாரத்துக்கு முன்னால் வரிசை நின்றது.

மனுசி கையில் அகப்பை. பக்கத்தில் எங்கள் வீட்டின் பெரிய சட்டி.

"என்னப்பா இது?" என்றேன்.

"அதை நானெல்லோ கேக்கவேணும்? சனத்துக்கு முன்னால உப்புத்தண்ணியில நண்டை அவிச்சு வைச்சுப்போட்டு நிக்கிறியள். ஆர் சமைச்சது எண்டு கேட்டால் என்ர பேரெல்லோ கெடும்?"

"அது வேணுமெண்டுதான்…"

"வேணுமெண்டு ஆரும் கூடாமல் சமைப்பினமே? விசர்க்கதை கதையாதேங்கோ. ரஞ்சனை வீட்ட ஓடவிட்டு எல்லாச் சாமானும் எடுப்பிச்சனான். இந்தாங்கோ, உப்புப் பாருங்கோ."

உப்புப் பார்த்தேன். அது என் பலவீனம். தண்ணீர் போன அந்த இறைச்சி, பஞ்சு குழம்பை உறிஞ்சின மாதிரி எல்லாவற்றையும் உறிஞ்சி வைத்திருந்தது. ஐ.டி. தம்பி இரண்டாவது கோப்பையோடு வரிசையில் நின்றார். "சார், மன்னிச்சுக்கங்க, நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார். கம்போடியப் பெரியவர் தூளின் பைக்கற்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார்.

பின்னேரம் தலைவி வந்தார். வலைகள் காலையில் இருந்ததைவிடக் கூடியிருந்தன. என் தாடையிலும் மேலங்கியிலும் குழம்பு. "மேட், இது என்ன?" என்றார். நான் சொன்னேன். அவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"நாசம் பண்ணிவிட்டீர்கள்" என்றார். "இது மிக அருமையாக இருக்கிறது."

என் வேலைக்காலத்தில் கிடைத்த மிகக் கடுமையான கண்டனம் அதுதான். சுழியோடிகள் பொறுமை இழந்து தொலைக்காட்சிக்குச் சொல்லிவிட்டார்கள், நாளை காலை கமரா வருகிறது என்றும் சொன்னார். "வந்தால் நான் நண்டுகளின் பக்கம்தான் நிற்கவேண்டும். உங்களுக்கு விளங்குகிறதுதானே?"

விளங்கியது. அன்று வீட்டில் மனுசி சந்தோஷமாக இருந்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தேன்.

ஞாயிறு காலை, முகத்தில் அறையும் காற்று. பாலம் நிறைய வாளி. கறியின் பேர் ஊரெல்லாம் போய்விட்டது. ரஞ்சனும் அவனுடைய சிநேகிதன் குமாரும் வழக்கமான இடத்தில் வலையைப் பிரித்துக்கொண்டு நின்றார்கள். ரஞ்சனை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"ரஞ்சன், இண்டைக்கு டிவிக்காரர் வருவினம். நீ வீட்ட போ."

"ஏன்?"

"உன்ர படம்தான் ஏற்கெனவே உலகமெல்லாம் சுத்துது. திரும்பவும் வேணுமே?"

"அத்தான், நான் களவெடுத்தனானே ஓடி ஒளிக்க? அளவுக்கு மேல ஒண்டு பிடிச்சனானே? அந்தப் படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கினம் எண்டு என்ர மகள் வாசிச்சுக் காட்டினவள். இப்ப நான் போனால் அவையள் சொன்னது சரியெண்டு ஆயிடும். நான் நிண்டு பிடிப்பன்."

பிள்ளைகள், இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கோ. நான் அவனைப் போகச் சொன்னது நண்டுக்காக இல்லை. மனுசியின் தம்பி டிவியில் வரக்கூடாது என்பதற்காக. அவன் போனால் மற்ற எல்லா வலையும் அங்கேதான் கிடக்கும். நான் மட்டும் நிம்மதியாக மூச்சு விடுவேன். அவசரத்தில் நமக்கு முதலில் வரும் யோசனை, பெரும்பாலும் நமது தலையைக் காப்பாற்றும் யோசனை. அதை அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கோ. எனக்கு அன்று அதை அடையாளம் காட்டியது ரஞ்சன்தான்.

ரஞ்சனிடம், "நீ பிடிக்கிற நண்டு தண்ணிக்குள்ள என்ன செய்யுது எண்டு கண்டிருக்கிறியோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் கண்டிருக்கிறியளோ?"

"இல்லை" என்றேன். உண்மை. அமைப்பின் துண்டுப் பிரசுரத்தில் படம் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான்.

"பிறகென்ன, ரெண்டு பேரும் ஒண்டுதான்" என்று சிரித்தான்.

தலைவி அப்போது பாலத்தின் கீழே ஒரு நீர்க்கமராவை இறக்கிக்கொண்டிருந்தார். அதன் வயரைக் கூடாரத்துக்குள் ஒரு திரையில் மாட்டி, தொலைக்காட்சிக்காரருக்கு நண்டுகளின் நிலையைக் காட்டுவது அவருடைய திட்டம். நான் போய், அவர்கள் வரும்வரை பாலத்தில் நிற்கிறவர்களுக்குக் காட்டலாமா என்று கேட்டேன். "நேற்றுச் சாப்பாடு, இன்றைக்குப் படமா?" என்றார். ஆனால் விட்டார். நான் ரஞ்சனைக் கூட்டிக்கொண்டு கூடாரத்துக்குள் போனேன். ரஞ்சன் வந்ததால் இன்னும் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். பாலத்தில் அவனுக்கு அப்படி ஒரு மதிப்பு.

திரையில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பச்சைத் தண்ணீர், கீழே காலும் காலுமாக ஒரு குவியல். பிறகு கண் பழகியது. குவியலின் ஓரத்தில் ஒரு நண்டு அசையாமல் நின்றது. அதன் முதுகுப் பக்கம் ஓடு விரிந்து, உள்ளேயிருந்து இன்னொரு நண்டு பின்பக்கமாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு காலாக இழுத்து எடுத்தது. கொஞ்சம் இழுக்கும், இளைப்பாறும், திரும்ப இழுக்கும். குளிர்காலத்தில் காற்சட்டைக்கு மேல் இன்னொரு காற்சட்டை போட்டவன் கழற்றும்போது படும் பாடுதான். கூடாரத்துக்குள் கதை நின்றுவிட்டது. மீன் பிடிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, கவனித்தீர்களோ தெரியாது: எதையாவது உற்றுப் பார்க்கும்போது மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விடுவார்கள்.

"அத்தான்" என்றான் ரஞ்சன், மெல்ல. "இது உடுப்பு மாத்துதெல்லோ."

"ஓம்."

"ஐயோ பாவம். இதுக்குள்ளயோ நாங்கள் வலை போடுறம்?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் திரையின் மேற்பக்கத்திலிருந்து ஒரு வளையம் இறங்கி வந்து, அந்த நண்டின் மேலேயே சரிந்து விழுந்தது. பாதி கழற்றிய கால்கள் கண்ணிக்குள் மாட்டிக்கொண்டன. வளையத்தைச் சுற்றிச் சிவப்பு நாடா.

"என்ர வலை!" என்று கத்தினான் ரஞ்சன். "குமார் போட்டிட்டான்!"

அவன் ஓடிய ஓட்டத்தில் கூடாரத்தின் ஒரு கால் விழுந்தது. "குமார்! இழுக்காதை! கயித்தில தொடாதை!" குமாருக்கு விளங்கியது ஒன்றுதான், ஃபிஷரீஸ் அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று. அவன் இன்னும் கெதியாக இழுக்கத் தொடங்கினான். ரஞ்சன் பாய்ந்து கயிற்றைப் பிடித்தான். பாலத்தில் நின்றவர்கள் யாரோ கடலில் விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடிவர, இரண்டு சுழியோடிகள் காப்பாற்ற ஆயத்தமாக, கிரேக்கர் தன் மேலங்கியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, நான் நடுவில் நின்று, "ஆளில்லை, நண்டு! ஆளில்லை, நண்டு!" என்று இரண்டு மொழியிலும் கத்தினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமாக நான் பேசியதே இல்லை.

இழுத்தால் நண்டு பிய்ந்துவிடும். விட்டால் வலையின் பாரம் அதன் மேலே கிடக்கும். தலைவி ஏற்கெனவே சுழியோடும் உடுப்பில்தான் நின்றார். "நான் இறங்கி வளையத்தைத் தூக்கி விடுவிக்கிறேன். மேலே கயிற்றைத் தளர்வாக, ஆடாமல் பிடிக்க ஒருவர் வேண்டும்" என்றார்.

"நான் பிடிக்கிறன்" என்றான் ரஞ்சன்.

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். ஃபேஸ்புக் படத்தில் பார்த்த அதே முகம். "கை நடுங்காதுதானே?" என்று கேட்டார். நான் மொழிபெயர்க்க முன்னரே அவனுக்கு விளங்கிவிட்டது. "இருவது வருஷமாக் கயிறு பிடிக்கிறன் எண்டு சொல்லுங்கோ அத்தான்."

அவர் படியால் இறங்கினார். நான் கூடாரத்துக்குள் போய்த் திரைக்கு முன்னால் நின்றேன். என்னைத் தவிர வேறு யாருக்கும் அந்த வேலை ஒத்துவராது. திரையில் தெரிவதைப் பார்த்துத் தமிழில் மேலே கத்தவேண்டும், கீழே போனவருக்குத் தண்ணீரில் நிற்கும் ஒரு சுழியோடி கையால் சைகை காட்ட, அவரிடம் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காத ஒருவன் அன்று கொஞ்ச நேரம் கடலை ஆண்டான்.

"ரஞ்சன், கொஞ்சம் விடு… காணும்! அப்பிடியே பிடி… இடப்பக்கம் தூக்கச் சொல்லுங்கள்… இல்லை, அவவின்ர இடப்பக்கம்… ரஞ்சன், நீ ஒண்டும் செய்யாதை, சும்மா நில்!"

சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று அவனைப் பார்த்தபோது விளங்கியது. காற்று அடித்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது, குளிரில்தான். கயிறு அசையவில்லை. திரையில் தலைவியின் இரண்டு விரல்கள் வந்து ஒரு கண்ணியை விலக்கின. பிறகு இன்னொன்று. பிறகு அவர் கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். தாதியாக இருந்தவர் அல்லவா, எப்போது தொடக்கூடாது என்று தெரியும். நண்டு இளைப்பாறியது. இழுத்தது. கடைசிக் காலும் வந்தது. பழைய ஓடு வலையிலேயே தங்க, புது நண்டு தள்ளாடித் தள்ளாடிக் குவியலுக்குள் போய் மறைந்தது.

கூடாரத்தில் எழுந்த கைதட்டலுக்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் தொலைக்காட்சிக் கமரா நின்றது. எப்போது வந்ததோ தெரியாது. அந்த ஆளும் திரையைத்தான் படம் பிடித்துக்கொண்டு நின்றார். நிருபர் பிள்ளை ஒலிவாங்கியோடு பாலத்துக்கு ஓடி, ரஞ்சனிடம், "நீங்கள் நண்டு பிடிக்கிறவரா, காப்பாற்றுகிறவரா?" என்று கேட்டாள்.

ரஞ்சன் கயிற்றை விடவில்லை. தலைவி படியில் ஏறும்வரை பார்த்துவிட்டு, தன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பிடிக்கிறவன்தான். ஆனால் இப்ப அதுகள் உடுப்பு மாத்துதுகள். உடுப்பு மாத்திற அறைக்குள்ள போய் ஆரும் வலை போடுவினமே? மாத்தி முடியட்டும்."

அன்றைய செய்தியில் வந்தது அந்த ஒரு வசனமும், தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற தலைவி அவனுக்குக் கை கொடுப்பதும்தான். பின்னால் குழம்புக் கறையோடு ஒரு மேலங்கியும் தெரிந்தது. அது நான்.

எல்லா வலையும் அன்றே மேலே வந்துவிட்டது என்று எழுதினால் நான் பொய்யன். சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை, கிரேக்கர் இரண்டு மணி நேரம் விவாதித்துவிட்டுக் கேட்டார். ஆனால் திங்கட்கிழமை கூடாரத்தில் திரைக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவன் ரஞ்சன். வந்தவர்களுக்கெல்லாம் அவனே காட்டினான். எனக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. பின்னாளில் ஒரு குளிர்காலம்கூட அந்தக் கதிரையை அவன் விட்டுக்கொடுக்கவில்லை. மற்ற மாதங்களில் கணவாய் பிடிக்கிறான். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நான் சாப்பிடுவதோடு சரி.

அந்த ஞாயிறு பின்னேரம் தலைவியை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். ரஞ்சனும் வாளியோடு வந்து, அதைக் குசினியில் வைத்துவிட்டு முன்னறைக்கு வந்து இருந்தான். மனுசி வாளியை எட்டிப் பார்த்தாள். நல்ல பெரிய நண்டு. சந்தோஷமாகத் தூளை வறுத்து, தேங்காய்ப்பால் விட்டு, முருங்கையிலை போட்டு, குழம்பு கொதித்து வந்த பிறகுதான் நண்டைக் கையில் எடுத்தாள்.

"ரஞ்சன்! இதென்னடா, உள்ளுக்கு ஒண்டுமில்லை!"

வலையில் தங்கிய அந்த வெறும் ஓடு. காலும் கண்ணுமாக முழு நண்டு மாதிரி. மகளுக்குக் காட்ட என்று பத்திரமாக வாளியில் கொண்டுவந்திருந்தான்.

விருந்தாளி மேசையில். குழம்பு அடுப்பில். என்ன செய்வது? மனுசி இரண்டு உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டு இறக்கினாள். நண்டில்லை என்று தலைவிக்கு யாரும் சொல்லவில்லை. தலைவி கையாலேயே சாப்பிட்டார். இரண்டாம் தரம் வாங்கினார். விரலை நக்கினார். நான் அவரையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ருசி நண்டில் இல்லை என்று சனிக்கிழமை முழுவதும் நின்று நான் காட்டப் பாடுபட்டது, இப்போது ஒரு நண்டும் இல்லாமல் என் வீட்டு மேசையில் நடந்துகொண்டிருந்தது.

"நேற்றையதை விடவும் நன்றாக இருக்கிறது" என்றார் தலைவி, சட்டிக்குள் அகப்பையை விட்டுத் துழாவிக்கொண்டே. "நண்டு எங்கே?"

நான் மொழிபெயர்த்தேன். மனுசி அந்த வெறும் ஓட்டை ஒரு கோப்பையில் வைத்து, விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி மேசை நடுவில் வைத்தாள்.

"நண்டு கடலில நிக்குதெண்டு சொல்லுங்கோ" என்றாள். "இஞ்ச கறி மட்டும்தான்."